பதினேழாம் பாத்தி

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை அம்மாவும் நானும் சுகம். நீயும் அண்ணியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு வாய் அடைத்துப்போகும். "சரிண்ணா, சரிண்ணா" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். அலுவலகத்தில் பிறருக்காக நாளுக்கு முப்பது கடிதம் தட்டுகிறேன், எல்லாவற்றிலும் பணிவு வழியும். இதில் அதை எதிர்பார்க்காதே.

மலர்த்தோட்டத்துக்குப் போன நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அம்மா ஒன்பது வருடமாகக் குளிர்காலத்தில் அங்கே டூலிப் கிழங்கு நடுகிறாள். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் தெரியாத மாதிரி நடந்துகொண்டாய், அதனால் எழுத வேண்டியிருக்கிறது. மண் மூடியதும் வேலை முடிந்துவிடும். வசந்தத்தில் நாடே வந்து பார்க்கிற பூவை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. உன் மாமனார், மாமியாரோடு நமக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறாய் என்றதும், முதல் நாளே செருப்பைத் துடைத்து வைத்துவிட்டாள். "பதினேழாம் பாத்தி என்னுது. எப்படி வந்திருக்குன்னு பாத்துடணும்" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அம்மா வேலைக்கே போனதில்லை என்று நீ அவர்களிடம் சொல்லிவைத்திருந்தது, வாசலில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் முழங்கையைப் பிடித்து, "இங்க வேலை பாத்தது கீத்ததெல்லாம் பேச்செடுக்காதம்மா" என்றாய். தலையாட்டினாள்.

பதினேழாம் பாத்தி முழுக்கச் சிவப்பு. ஓரத்தில் ஒரு கிழங்கு மட்டும் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. அம்மா யோசிக்கவே இல்லை. கயிற்றைத் தாண்டிக் காலை வைத்து, குனிந்து, கட்டைவிரலால் அதை அமுக்கி, மண்ணை இழுத்து மூடி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். "சம்பந்தியம்மாவுக்குச் செடின்னா உயிர் போல! வீட்ல சும்மா இருந்தா இப்படித்தான்" என்று உன் மாமனார் சிரித்தார். நீயும் சிரித்தாய்.

அப்போதுதான் மேற்பார்வைக்கார அம்மாள் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். நடுகிற பெண்கள் அவரை விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "அடியே, நீயா! உன்னத்தான் தேடிட்டிருக்கேன். அடுத்த குளிருக்கு உன்னத்தான் வரிசைத் தலைவியாப் போட்டிருக்கு. மாசக் கடைசிக்குள்ள வந்து கையெழுத்துப் போடு" என்றார். வரிசைத் தலைவிக்குப் பூத்து முடியும் வரை வேலை உண்டு, அண்ணா. சீருடையோடு அந்தப் பூக்களுக்கு நடுவே நிற்கலாம்.

நீ குறுக்கே வந்து, "ஆள் மாறிப் பேசுறீங்க. இவங்க எங்கம்மா" என்றாய். உன் அம்மா என்றால் கிழங்கு நட்டவளாக இருக்க முடியாது என்பதுபோல!

விசிலக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா மண் ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ஆமாங்க, அது வேற யாரோ" என்றாள். "மன்னிச்சுக்கங்க மேடம். கயித்தத் தாண்டாதீங்க" என்று சொல்லிவிட்டு விசிலக்கா போய்விட்டார். ஒன்பது வருடத்தில் அவர் அம்மாவை மேடம் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

நான் என்ன கிழித்தேன் என்று கேட்பாய். நம் வீட்டின் முதல் பட்டதாரி அண்ணியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பாத்திகள்தான் என்னைப் படிக்க வைத்தன. அங்கேயே நின்றுகொண்டு எனக்கு நாலு வார்த்தை வரவில்லை. என் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் பொய் உன்னுடையது.

இப்போது அம்மா கையெழுத்துப் போடப் போகமாட்டேன் என்கிறாள். உன் மாமனாருக்குத் தோட்டம் பிடித்துவிட்டதாம், வருடா வருடம் வருவாராம். "சீருடையில என்னப் பாத்தா அவன் மானம் என்னாகும்?" என்கிறாள். அவள் கவலையைப் பார்த்தாயா?

நேற்று நானே தோட்டத்தின் பின்வாசலுக்குப் போய் விசிலக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் இடத்த வச்சிருக்கேன். ஆனா நீ சொல்லி ஆகாதும்மா. அவளே வந்து, அன்னைக்கு நின்னது நான்தான்னு சொல்லட்டும்" என்றார்.

நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். அந்த அநியாயமும் எனக்குத் தெரியும். முதலில் அண்ணியிடம் சொல். பிறகு அவர் அப்பாவிடம், முகத்தைப் பார்த்துச் சொல். அதன் பிறகு அம்மாவைக் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்காதே, கேட்டால் "விடுடா" என்று முடித்துவிடுவாள். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், போய்க் கையெழுத்துப் போடும்மா" என்று மட்டும் சொல்.

அண்ணிக்கு என் அன்பு. அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாலும், நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வீட்டில் இருப்பாள். போன் அடித்தால் நான் எடுக்கமாட்டேன். எத்தனை தடவை அடித்தாலும் அவளே வந்து எடுக்கட்டும்.

உன் தங்கை