ஓடையை மறித்த சுவர்

அப்பாவுக்கு, மஸ்கட்டிலிருந்து மகள் பெர்சி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கால் வீக்கம் வடிந்துவிட்டதா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. என் அறையிலிருக்கும் நர்ஸ் தேவகனி, நம் ஏரல்காரி, என்னோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான்.

"ஒங்கப்பா ஓடைய மறிச்சுச் சுவர் கட்டுனதுலதான் எங்க வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துட்டு. ஆடு பூரா செத்துப்போச்சு" என்றாள்.

"எங்க எடத்துல ஏதுளா ஓடை?" என்று நானும் கத்தினேன். நீங்கள் அப்படித்தானே சொல்லியிருந்தீர்கள்?

அவள் போனில் மேப்பைக் காட்டினாள். குளம் நிரம்பி வழியும் மறுகாலில் கிளம்பி, கோயிலுக்குப் பின்னால் வளைந்து, நம் வாழைத்தோட்டம் வழியாகத் தாமிரபரணியில் சேரவேண்டிய ஓடை, உங்கள் சுவரில் முட்டி அவர்கள் தெருவுக்குத் திரும்பியிருக்கிறது. பொய் சொன்னது நீங்கள். தலைகுனிந்து நின்றது நான்.

மழைக்கு முன்னால் சுவரை இடியுங்கள். இடித்த பிறகு போன் பண்ணுங்கள், அதுவரை வேண்டாம். கிறிஸ்மஸுக்கு வருவதும் அதைப் பொறுத்துத்தான்.

அம்மாவிடம் கருப்பட்டி கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், இரண்டு பேருக்கு. தேவகனி வாங்கமாட்டாள். கொடுத்துப் பார்க்கிறேன்.

டியூட்டிக்கு வண்டி வந்துவிட்டது.

பெர்சி