தண்ணீர் நிற்காத மண்

இன்று காலை லோரி சீட்டைத் தட்டினேன், மணல் உதிர்ந்தது. செமினி ஆற்றோரம் அள்ளிய மணல். ஏழு கடலையும் வற்றவைத்து அடியில் கிடந்ததை அள்ளி வந்ததாகத்தான் அன்றைக்கு உன்னிடம் அளந்தேன். பெண்டாட்டி ஆயிற்றே, நீ நம்பவில்லை.

ஆடிக் கூழுக்கு இந்த வருஷம் சொந்தக் கம்பு என்று பிடிவாதம் பிடித்தாய். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய கம்பை நம் கிள்ளான் வீட்டுக் கொல்லையில் தூவினாய். களிமண். ஒரு மழைக்கே கொல்லை குளமாகி, முளைத்ததெல்லாம் அழுகிச் சாய்ந்தது.

"மகாராணி, இந்த மண்ணுல திமிங்கிலம் வளக்கலாம். கம்பு வளராது."

"வாயாலேயே லோரி ஓட்டாதீங்க. கம்பு வெயிலத் தாங்கும், காலடியில தண்ணி நின்னாத்தான் செத்துரும். மணல் கொண்டாங்க லா."

கொண்டுவந்தேன். களியைக் கொத்தி, மணலும் மக்கிய சாணமும் கலந்து, பாத்தியை மேடாக்கி மறுபடி விதைத்தோம். சுற்றிலும் நீயே வாய்க்கால் வெட்டினாய். மழை வந்தால் குடையோடு போய் நின்று, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பாய். கம்பு என் தலையைத் தாண்டியது. "பிளேன் இடிச்சிரும், ஏர்போர்ட்டுக்குச் சொல்லி வைங்க" என்று ஊரெல்லாம் போன் போட்டேன். பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாய்.

கதிர் பால் பிடித்த வாரம் உன் நெஞ்சு நின்றுபோனது.

அடக்கத்தன்றும் மழை. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அதே களிமண். அடியில் தண்ணீர்.

"பாஸ், தண்ணி நிக்குது! இதுல வைக்காதீங்க, இவளுக்கு ஆகாது!"

"அங்கிள், கிள்ளான்ல எங்க தோண்டினாலும் இப்படித்தான் லா" என்றான் குழி வெட்டியவன். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியோடு உள்ளே இறங்கினான். இறைக்க இறைக்க ஊறியது. கடைசியில் அப்படியேதான் உன்னை வைத்தோம்.

ஆடியில் கூழ் ஊற்றினேன். சிட்டுகள் தின்றது போக ஒரு கிண்ணம் கம்பு தேறியது. மலேசியா முழுக்கப் பசியாறியது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

இப்போதெல்லாம் லோரியில் எப்போதும் ஒரு சாக்கு மணல் கிடக்கிறது. மழை பிடித்தால் உன்னிடம் வருகிறேன். உன் குழிமேட்டைச் சுற்றி நான் வெட்டிய வாய்க்காலைக் கிளறிவிட்டு, மணலைக் கொட்டி, உன் குடையைப் பிடித்தபடி பார்த்து நிற்பேன்.

"ஓடுது மகாராணி, நிக்கல" என்று உனக்குச் சொல்லிவிட்டுத்தான் லோரியை எடுப்பேன்.