உள்பக்கம் தாழ்ப்பாள்

மார்ச் 3, திங்கள்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி, மழை. ரப்பர் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன, இலை முழுக்க லயத்து வரிசை வீடுகளின் வாசலில். இரண்டு தரம் கூட்டினேன். மூன்றாம் தரம் கூட்ட மாட்டேன்.

சுதா போன் எடுத்தாள். தங்கச்சி மல்லிகாவின் மகள், கொழும்பில் பயண டிக்கட் போடும் கந்தோரில் வேலை. ஒரு சின்னக் கப்பல் தெற்கே காலி, அம்பாந்தோட்டைத் துறைமுகங்கள் பக்கம் போய்த் திரும்புகிறதாம். நான்கு இரவு. தனியாக வருகிறவர்களுக்கென்றே எட்டுச் சின்ன அறைகள். யாரோ வராமல் விட்டதில் ஒன்று சும்மா கிடக்கிறது. கந்தோர் ஆட்களின் வீட்டார் போகலாம்.

"பெரியம்மா, சிங்கிள் கேபின். சாதாரணமா தனியா போனா ரெண்டு ஆளு காசு கேப்பாங்க. இதுல அது இல்ல. போறீங்களா?"

"போறேன்."

"மெய்யாவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். மறுப்பேன் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறாள், கள்ளி.

மல்லிகா: "இந்த வயசுல ஒனக்குக் கப்பல் கேக்குதா?"

கேட்கிறது. அறுபத்திரண்டு வயது. இருபது வயதில் யாரும் கூப்பிடவில்லையே.

உண்மைக் காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன். சித்திரையில் மல்லிகாவின் மகன் தினேஷுக்குக் கல்யாணம். எங்களுக்கு இருப்பது படுக்க ஒரு காம்பரா, சமைக்க ஒரு குசினி, முன்னால் திண்ணை போல ஒரு இஸ்தோப்பு. மல்லிகாவும் தினேஷும் காம்பராவில். நான் இஸ்தோப்பில், பழைய சேலையைத் திரையாகக் கட்டி, கட்டிலில். இருபத்தேழு வருஷமாக. மருமகள் வந்தால் மல்லிகா எங்கே படுப்பாள்? இரத்தினபுரியில் ஒரு முதியோர் இல்லம். படிவம் வாங்கி வைத்திருக்கிறேன். தனியறை தருவார்கள். பதினைந்தாம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும். மல்லிகாவுக்குத் தெரியாது. படிவம் தலையணை உறைக்குள்.

போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அறையில் நான் தனியாகப் படுத்ததே இல்லை. ஒரு நாள் கூட. அது என்னால் முடியுமா? கப்பலில் பார்த்துவிடலாம்.

மார்ச் 5, புதன்

எடுக்க வேண்டியவை: சேலை 4. சுவெட்டர். சித்தாலேப தைலம். வாந்திக்கு எலுமிச்சை 3. ஐடென்டிட்டி கார்ட். பிரஷர் மாத்திரை. இந்தக் கொப்பி. பேனை 2.

யட்டியாந்தோட்டை டவுனுக்குப் போனேன், பை வாங்க. கடை நானா, "என்னா அக்கா, மகள்ட வீட்டுக்கா?" என்றார். மகள் இல்லை என்று அவருக்குத் தெரியும், மறந்துவிடுவார். கப்பலுக்கு, மல்லிகா வழிக்குச் சுழியன் பலகாரம் சுட்டுத் தருகிறாள் என்றதும் எழுந்தே நின்றார்.

"எங்கட வாப்பாட வாப்பா கப்பல்ல ஹஜ்ஜுக்குப் போனவர். கப்பல்ல சுழியன் நமத்துப் போகுமாம் அக்கா, உள்ளுக்க ஈரம். பிளாஸ்டிக் டப்பாவுல போட்டுட்டுப் போங்க."

சிப் இழுத்து மூடும் பை வாங்கினேன். சக்கரம் வைத்தது வேண்டாம் என்றேன். எங்கள் ரோட்டில் சக்கரம் என்ன செய்யும்?

திரும்பி வரும்போது லயத்தில் கோடி வீட்டுக் கதவு பகலில் சாத்தியிருந்தது. மல்லிகா மெதுவாக, "மாமியாளும் மருமகளும் காலைல பிடிச்ச சண்ட" என்றாள். எங்கள் லயத்தில் பகலில் கதவு சாத்தியிருந்தால் சண்டை, இல்லாவிட்டால் சாவு. மூன்றாவது காரணம் கிடையாது.

மல்லிகா இரவுக்குச் சுழியன் சுட எண்ணெய் வைத்திருக்கிறாள். கப்பலில் சாப்பாடு கொடுப்பார்கள் என்றேன். "குடுக்கட்டும்" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

நாலரை மணி பஸ். மல்லிகா ரோடு வரைக்கும் வந்தாள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற உடுப்போடு, கத்தி கையில். பஸ் ஏறினேன். கத்தியை ஆட்டிக் காட்டினாள். டாட்டாவாம். கண்டக்டர் பயந்துவிட்டான்.

கொழும்பில் சுதா. பிறகு கடல். பிறகு கப்பல். பெரிதாக எழுத வரவில்லை.

அறையை எழுதுகிறேன். என் காலால் அளந்தேன். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு. இஸ்தோப்பை விடச் சிறியது! கட்டில் ஒன்று, ஆள் புரண்டால் விழும். சுவரில் மடித்து வைக்கும் மேசை. ஒரு வட்டக் கண்ணாடி, அதில் கடல். குளிக்கும் இடம், கக்கூஸ், எல்லாம் ஒரு பெட்டிக்குள். கொக்கி 5. தலையணை 2. ஒருத்திக்கு எதற்கு இரண்டு?

கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்.

அறைகளைக் கூட்டித் துடைத்துப் பார்ப்பவர் ஒரு சிங்கள மாத்தயா, நாற்பது வயது இருக்கும். "தனியமத நெந்தே?" என்று கேட்டார், தனியாகவா அத்தை என்று. தனியாகத்தான் என்றேன். இந்த வரிசையில் எல்லோரும் தனிதானாம். அதைச் சொல்லிவிட்டு நல்ல செய்தி போலச் சிரித்தார்.

மார்ச் 7, வெள்ளி

கடல் அமைதி. நான் இல்லை.

நேற்றுத் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பக்கத்து வீட்டு இருமல் இல்லை, மல்லிகா பல் கடிக்கும் சத்தம் இல்லை. எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு ஆயுசு என்பார்கள். இங்கே நான் தும்மினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பது வருஷம் பிள்ளை மடுவத்தில் ஆயம்மாவாக இருந்தவள் நான். தாய்மார் கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் போனதும், பத்து இருபது பிள்ளைகளைப் பாயில் போட்டுத் தூங்க வைத்தேன். என்னை நானே தூங்க வைக்கத் தெரியவில்லை. வெட்கம்.

விடிந்ததும் கதவைத் திறந்து வைத்தேன். அது தானாகச் சாத்திக்கொண்டது. மறுபடி திறந்து செருப்பை இடுக்கில் வைத்தேன். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் எதிர் அறைக்காரர் என்ன நினைப்பார்? வந்த மறுநாளே யாரோடு சண்டை என்பார்களே.

அறை பார்ப்பவர் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நான் திறந்து வைத்தேன். அவர் சாத்தினார். மூன்று தரம்.

"நெந்தே, தொர வஹன்ன. சட்டம்." கதவைச் சாத்தச் சொல்கிறார்.

"சட்டமாயிருந்தா ராத்திரிக்கு சாத்துறேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு போனார். நல்ல மனுசன்.

பிறகு எதிர்க் கதவு திறந்தது. ஒரு அம்மா, வெள்ளைத் தலை, கண்ணாடி. "சுகமில்லையா? ஏதாவது வேண்டுமா?" என்று சிங்களத்தில் கேட்டார். என் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்து, உதவிக்கு ஆள் தேடுகிறேன் என்று நினைத்துவிட்டாராம். சுகமாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிச் சுழியன் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டார்.

மார்ச் 8, சனி

எதிர் அறை அம்மா குசுமா மிஸ். கேகாலையில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். நான்கு அறை வீட்டில் மூன்றைப் பூட்டிவிட்டு ஒன்றில் இருக்கிறார். "கப்பலிலும் அதேதான், பூட்டுகிற வேலை மட்டும் இல்லை" என்றார். அவருடைய கதவிலும் இப்போது செருப்பு.

மத்தியானம் பார்த்தால் ஐந்தாவது அறையிலிருக்கும் வெள்ளைக்காரக் கிழவர் தன் சப்பாத்தை இடுக்கில் வைத்திருக்கிறார். இந்த ஊர்ப் பழக்கம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று தெரியும், குசுமா மிஸ் சிரித்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் எட்டுக் கதவில் ஆறு திறந்திருந்தது. நடையில் ஒரே பேச்சு. அறை பார்ப்பவர் வந்து நின்று, "இது கப்பலா லயமா?" என்றார். அவருடைய அம்மா தெரணியகலையில் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் பிறந்தவராம். அதனால் அந்தச் சொல் தெரிந்திருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது.

கரைக்குக் கிட்டே வந்ததும் போனில் சிக்னல் கோடு விழுந்தது. மல்லிகாவுக்கு எடுத்தேன். "உள்பக்கம் தாழ்ப்பா இருக்குடி!" என்று கத்தினேன். அவள் கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறையைப் பற்றித்தான் கேள்வி.

"எத்தன அடி?"

"ஒம்பதுக்கு ஏழு. துணி மாட்ட அஞ்சு கொக்கி."

"கட்டில் எந்தப் பக்கம்? கதவு உள்ளுக்குத் தொறக்குதா, வெளிய தொறக்குதா?"

"நீ என்னா, கப்பல் கட்டப் போறியா?"

"சும்மா கேட்டேன். வையி, அடுப்புல சோறு."

குரல் சரியில்லை. தடிமனோ சளியோ பிடித்திருக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

உண்மையை எழுத வேண்டும். நேற்றுத் தாழ்ப்பாள் போட்டுப் படுத்தேன், செத்த மாதிரித் தூங்கினேன். காலையில் எழுந்து கதவைத் திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வட்டக் கண்ணாடியில் கடலைப் பார்த்தேன். சேலை மாற்ற யாரும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை. பாட்டுக்கூட பாடினேன், கெட்ட குரலில்.

எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் வேதனை. பிடிக்காமல் இருந்திருந்தால் படிவத்தைக் கிழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

முடியும் என்று தெரிந்துவிட்டது. ஆகவே போகலாம். பதினைந்தாம் திகதிக்கு முன் எழுதிப் போடுவேன்.

மல்லிகாவிடம் எப்படிச் சொல்வது? முதலில் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். பசியோடு இருந்தால் கத்துவாள். சாப்பிட்டாலும் கத்துவாள். நான் அழுவேன். அழக்கூடாது.

குசுமா மிஸ் விலாசம் எழுதித் தந்தார். கேகாலைக்கு வரச் சொன்னார். "மூன்று அறை இருக்கிறது" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்ச் 10, திங்கள்

ஐந்து மணிக்கு வீடு. மழை. மேல் லயத்துப் பிள்ளைகள் பையைப் பிடுங்கினார்கள். கப்பல் டொபி மிட்டாய் கொடுத்தேன்.

இஸ்தோப்பைப் பார்த்து நின்றுவிட்டேன். சேலைத் திரை இல்லை. அந்த இடத்தில் பலகைச் சுவர். புது ரப்பர் மரப் பலகை, மணக்கிறது. நடுவில் கதவு. கதவு பழையது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, பழைய பிள்ளை மடுவத்துக் கதவு. கீழே பிள்ளைகள் உதைத்த அடையாளம் அப்படியே. புதுக் கட்டடம் வந்த பிறகு கொட்டிலில் கிடந்தது. தினேஷ் தோட்டத்துத் தொரையிடம் கேட்டு வாங்கினானாம். முப்பது வருஷம் நான் திறந்து நான் சாத்திய கதவு.

உள்ளே கட்டில். தலைமாட்டில் கொக்கி ஐந்து. எண்ணினேன்.

மல்லிகா குசினி வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. கையில் படிவம்.

"நீ போன அன்னிக்கு தலகாணி ஒறய தொவைக்க எடுத்தேன்."

செருப்பைக் கழற்றினேன்.

"நாங்க ஒன்ன எந்நேரம் போகச் சொன்னோம்?"

"சொல்லல."

"பொறவு?"

"இடம் இல்லையே மல்லி."

"இடம் இல்லன்னா ஏங்கிட்ட கேளு. எவங்கிட்டயோ போயி கேக்குற!" கத்தினாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சட்டி சத்தம் நின்றது, எல்லோரும் காது கொடுத்தார்கள். அவள் கவலைப்படவில்லை. "தனியறதானே வேணும்? ஒம்பதுக்கு ஏழு வரல, வழி விட்டதுல எட்டுக்கு ஏழுதான் வந்திச்சு. தாப்பா உள்பக்கம் போட்டுருக்கு. பூட்டிக்க. நாள் முழுக்க வேணும்னாலும் பூட்டிக்க. ஆனா இங்க இருந்துகிட்டு பூட்டிக்க."

அழக்கூடாது என்று எழுதியிருந்தேன். அது நேற்று.

மார்ச் 11, செவ்வாய்

மல்லிகா வேலைக்குப் போகும்போது கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. உள்ளே நான் விழித்துத்தான் இருந்தேன். தட்டினாள். இந்த வீட்டில் யாரும் எதையும் தட்டியதே இல்லை.

"யாரு?" என்றேன்.

"தொரசாணி, தேத்தண்ணி வச்சிருக்கு" என்றாள்.

பதினொரு மணிக்கு, மேல் லயத்துக்காரி ஒருத்தி எட்டிப்பார்த்து, "பாக்கியக்கா, சண்டையா? கதவு சாத்தியிருக்கே" என்றாள். சண்டை இல்லை, கப்பல் என்றேன். விளங்காமல் போனாள். லயம் முழுக்க இனி மூன்றாவது காரணம் பரவும்.

தினேஷிடம் கேட்டேன், கல்யாணத்துக்குப் பிறகு அம்மா எங்கே படுப்பாள் என்று. "குசினிலன்னு சொல்லுது" என்றான் தலையைக் குனிந்து. குசினியில்! அடுப்புக்குப் பக்கத்தில், இடுப்பு வலியோடு. எனக்கு அறை கட்டிக் கொடுத்துவிட்டு அவளுக்கு இடம் பார்க்காமல் விட்டிருக்கிறாள். மடைச்சி.

மார்ச் 13, வியாழன். போயா

பௌர்ணமி லீவு. மழை காலையிலிருந்தே. யாரும் வேலைக்கு இல்லை.

கட்டிலின் ஒரு கால் ஆடுகிறது, தரை சமமில்லை. படிவத்தை எட்டாக மடித்து அடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை. நல்ல கெட்டித் தாள்.

சோறு தின்றதும் மல்லிகாவைக் கூப்பிட்டேன். குசினியில் படுத்தால் நான் கேகாலைக்குப் போய்விடுவேன், மூன்று அறை இருக்கிறது என்றேன். "போவியா?" என்றாள். போவேன் என்றேன். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விரித்தாள். குறுக்கே வரவில்லை. நீளத்திலும் துணிப்பெட்டியும் அரிசி மூட்டையும் அடைத்தது போக ஒரு அடி போதவில்லை.

"இது ஒரு ஆளுக்குத்தானே கட்டினேன்" என்றாள், தலையைச் சொறிந்தபடி. படுத்துவிட்டாள்.

இப்போது தூங்குகிறாள். பல் கடிக்கிறாள். நான் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதி மழைச் சாரல் உள்ளே அடிக்கிறது, கதவைச் சாத்தலாம் என்று எழுந்தேன். சாத்த முடியாது. மல்லிகாவின் கால் இரண்டும் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

சுவெட்டரை எடுத்துக் காலின் மேல் போட்டேன்.