மாமாவுக்கு எட்டுப் புடவை

என்னங்க,

சாம்பாரைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுப் பொன்னியிடம் கொடுங்கள். பீரோவில் என் பட்டுப்புடவை எட்டும் இருக்காது, தேடவேண்டாம். முதியோர் இல்லத்துக்கு, உங்கள் அப்பாவுக்குக் கொண்டுபோகிறேன். ஆசைதீர விரிக்கட்டும்.

மறதி நோய்க்காரர்களுக்குப் பொழுதுபோக்காம்! நாற்பது வருஷம் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டியவரைப் பலூன் தட்டச் சொல்கிறார்கள். அவர் கட்டில் விரிப்புகளை உருவி எல்லோருக்கும் விரித்துக் காட்டினால் அடாவடியாம், தூக்க மாத்திரையாம். நீங்களும் போனில், "குடுங்க சார், பரவால்ல" என்கிறீர்கள். பெரிய மனசு! அவர் வியாபாரம் பார்க்கிறார் என்று பெற்ற மகனுக்கே புரியவில்லை.

– குழலி

சொல்ல மறந்துவிட்டேன்: நேற்று மாமாவுக்கு என்னை யாரென்றே தெரியவில்லை. போர்வையை விரித்து, "உக்காருங்கம்மா, உங்களுக்கு என்ன கலர் புடிக்கும்?" என்றார். என்னை நன்றாகத் தெரிந்த நீங்கள் இருபது வருஷத்தில் ஒருநாளாவது அதைக் கேட்டதுண்டா?