சாத்தையா மகன் வீரணன்

அண்ணை,

போன செவ்வாய்க்கிழமை தோர்ண்டன் ஹீத் கிளினிக்கில் தாதி என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வழக்கம்போல நான் எழுந்து போனேன். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முதலில் இருக்கிறது. இந்த லண்டனில் முப்பது வருடமாக நான் அவராகத்தான் வாழ்கிறேன். நாம் வேலை செய்த நோர்பரி பெற்றோல் நிலையத்தில் மனேஜர் என்னை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், "தம்பி, உங்கப்பாவைத் தேடுறாங்க, அனுப்பி வைங்க" என்று கேலி செய்வீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது.

உங்கள் தாத்தா வீரணன் ராமநாதபுரத்துப் பக்கம் கொஞ்சம் நிலம் உழுதவர். முதல் உலகப் போருக்கு வெள்ளைக்கார அரசு ஊருக்கு இத்தனை ஆள் கேட்டபோது, வயலில் நின்றவரைக் கிராம அதிகாரி பிடித்துக் கொடுத்தார் என்பது வீட்டுப் பேச்சு. ஊர்ப் பேச்சு வேறு. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றார்கள். உங்கள் அப்பா சாகும்வரை ‘ஓடிப்போனவன் மகன்’தான்.

"ஒரு தாள் கிடைச்சாப் போதும் தம்பி. எங்கப்பா பேர்ல இருக்கிற கறையைத் தொடச்சிடுவேன்" என்று சனிக்கிழமைதோறும் ஆவணக் காப்பகத்துக்குப் போனீர்கள். படையின் பெயர்ப்பட்டியலில் வீரணன்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் வேறு ஊர், வேறு தகப்பன். ஒருமுறை உங்களோடு வந்த நான், "இனி ஏலாது அண்ணை, விடுங்கோ" என்றேன். நீங்கள் அடுத்த பக்கத்தைத் திருப்பினீர்கள். அந்தச் சொல் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

கிளினிக்கில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்துக் குடியானவரிடம் பெயர் கேட்டால், "சாத்தையா மகன் வீரணன்" என்றுதானே சொல்லியிருப்பார்? எழுதியவன் முதலில் காதில் விழுந்ததை அவர் பெயராக்கியிருந்தால்? எனக்கு நடந்ததும் அதுதானே. இத்தனை வருடம் சேர்ந்து சிரித்தோமே தவிர, இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை.

வியாழக்கிழமை காப்பகத்துக்குப் போனேன். விண்ணப்பத்தில் உறவு என்ற கட்டத்தில் ‘பேரன்’ என்று போட்டேன். பொய்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குள் கிடைத்துவிட்டார். பெயர் சாத்தையா, தகப்பன் வீரணன், உங்கள் ஊர், தொழில் உழவு. ஈராக்கின் பஸ்ராவில் காய்ச்சலில் இறந்திருக்கிறார். ‘சொந்த விருப்பத்தில் சேர்ந்தவர்’ என்று பக்கத்தில் முத்திரை. அந்தத் தாளில் இருந்த அத்தனை பேருக்கும் அதே முத்திரை. எப்பேர்ப்பட்ட விருப்பம் பாருங்கள். சொல்வதற்காகப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அன்றைக்குப் போல நான் உங்களுக்காக ஏங்கியதில்லை.

உங்கள் மகளுக்குப் போன் செய்தேன். தாளில் இருந்ததை வாசித்துச் சொன்னேன். "அப்பாகிட்ட யாரு அங்கிள் சொல்றது?" என்றாள்.

"நான் சொல்லுறன் பிள்ளை" என்றேன்.

அண்ணை, அவர் ஓடிப்போகவில்லை.