வெளியே எடுக்க வேண்டாத ஆணி

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. சண்டை போட்டு வாங்கிய சேதி.

மல்லாபூரில், நீ வேலை பார்த்த பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலை வாசலில், லாரி இடித்துக் கால் எலும்பு முறிந்ததே, அதிலிருந்து நீ தப்பிவிட்டாய். எலும்பைச் சேர்த்துப் பிடிக்க வைத்த ஸ்டீல் ஆணிகளை எடுக்க, ஒரு வருடம் கழித்து மறுபடி காலைத் திறந்தார்கள். அந்தப் புண்ணில் வைத்த சீழ்தான் உன்னைக் கொண்டுபோனது. டாக்டர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டாம் தடவை ஏன் திறக்க வேண்டும்? அதுதான் என் கோபம்.

அரசு ஆய்வகத்தில் நான் கிருமி வளர்ப்பதைப் பார்த்துச் சிரிப்பாயே. "கிருமிய வெச்சு பிளாஸ்டிக்கா? நக்கோ அக்கா, வேணாம்! எங்க மெஷின்ல ஒரு நிமிஷத்துல பக்கெட்டே வந்துடும்."

வரும்தான். ஆனால் உன் பக்கெட் உடம்புக்குள் கரையாதே, சேகர். இந்தக் கிருமிகளுக்குச் சர்க்கரையை அள்ளிக் கொடுத்து மற்றச் சத்தைக் குறைத்தால், நாம் கொழுப்பு வைப்பதுபோல் அவை உள்ளுக்குள் ஒரு பிளாஸ்டிக்கைச் சேர்த்துவைக்கின்றன. பிரித்தெடுத்து உருக்கினால் ஆணி வார்க்கலாம். எலும்பு கூடும்வரை தாங்கும். பிறகு மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

உன் காரியம் முடிந்த மறுவாரமே ஆணி வார்க்கத் தொடங்கினேன். முதல் ஆணி வைத்த முயலுக்குக் கால் வீங்கிவிட்டது. துறைத் தலைவர் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான், அதட்டும்போது மட்டும் தமிழ் பேசுவார்.

"இதெல்லாம் பணக்கார நாட்டு வேலைம்மா. உங்களைக் கழிவுநீர்ப் பிரிவுக்கு மாத்தியாச்சு. கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன் சார்."

"தம்பி போன துக்கத்துல பேசறீங்க."

"ஆமா சார், துக்கத்துலதான் பேசறேன். அதுக்காக நான் சொல்றது தப்பாயிடுமா? வீக்கம் பிளாஸ்டிக்கால வரல. சரியாக் கழுவாம விட்ட கிருமி மிச்சத்தால வந்தது. இன்னொரு முயல் குடுங்க, காட்டறேன்."

முறைத்தார். நானும் நகரவில்லை. கடைசியில் ஒரே ஒரு முயலுக்குச் சம்மதித்தார்.

கிருமியிலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்டிக் பொடியை எத்தனை முறை கழுவினேன் தெரியுமா? விரல் நுனியெல்லாம் தோலுரிந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் எனக்குப் பைத்தியம் என்றார்கள். சொல்லட்டுமே.

புது ஆணி வைத்த முயலின் காலைப் போன வாரம் பார்த்தோம். எலும்பு கூடியிருக்கிறது. வீக்கமில்லை, சீழில்லை. ஆணி இளைக்கத் தொடங்கியிருக்கிறது, சேகர்!

தலைவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "ஒண்ணுதானே" என்றார்.

"அடுத்தது பத்து சார்" என்றேன். மறுக்கவில்லை.

மனிதர் காலுக்கு இது எப்போது வரும்? என் காலத்தில் வருமா? தெரியாது. தாமதமாகும் என்பதற்காகக் கைவிட்டுவிடுவதா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வேலையை நிறுத்த நினைப்பவர்கள் முதலில் என்னை அலாக்காகத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். நானாக எழுந்து போக மாட்டேன்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும், பிடிவாதம் பிடித்த
உன் அக்கா கமலா
மாரெட்பள்ளி