ஜெபமாலையில் எண்ணிய அடிகள்

வெள்ளிக்கிழமை இரவு.

காலையில் உப்பளத்தில் இருந்தவர்கள்: நான், மகள் ஸ்டெல்லா, அவளோடு கல்லூரியில் படிக்கும் ஹசீனா, உப்பு வாரும் அஞ்சலை.

வரைபடம் பார்த்து ஓடி, மறைத்து வைத்த கொடியைக் கண்டுபிடிக்கும் போட்டி ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பழக, திங்களிலிருந்து ஹசீனா கொடியை வைக்கிறாள், ஸ்டெல்லா தேடுகிறாள். உப்பளத்தில் எல்லா வரப்பும் ஒன்றுபோல இருப்பதால் அடிகளை எண்ணித்தான் ஓட வேண்டும். எண்ணிக்கை தவறி, நான்கு நாளும் கொடியைத் தாண்டிப் போனாள். கல்லூரி பஸ்ஸையும் விட்டுவிட்டு அழுதாள்.

இன்று என் ஜெபமாலையைக் கையில் கொடுத்து, இருபது அடிக்கு ஒரு மணி தள்ளச் சொன்னேன்.

அஞ்சலை சிரித்தாள். "இன்னாக்கா, உன் பொண்ணு ஜெபம் பண்ணிக்கினே ஓடுது?"

"ஜெபம் இல்ல அத்த, அடி எண்றேன்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள் ஸ்டெல்லா. எனக்குச் சுருக்கென்றது.

ஹசீனா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலப்படாதீங்க ஆன்ட்டி, இதுக்கெல்லாம் சாமி கோச்சிக்காது" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா கொடியைத் தூக்கிக் காட்டினாள். "அம்மா, கரெக்டா முப்பத்தோராவது மணி!" பஸ்ஸையும் பிடித்துவிட்டாள். இந்த வாரத்தில் இன்றுதான் சிரித்த முகத்தோடு சாப்பிட்டாள். மாதாவே, உமக்கு நன்றி.

சாயங்காலம் ஜெபத்துக்கு எடுத்தால் மணியெல்லாம் உப்பு. ஈரத்துணியால் துடைத்தேன். பாதி ஜெபத்தில் நானே அடி எண்ணிக்கொண்டிருந்தேன். மறுபடி முதலிலிருந்து சொல்லி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் அந்த மாலைதான் வேண்டும் என்கிறாள். கொடுத்தால் தப்பா, மாதாவே? நாளை சாயங்காலம் அவள் பையை எடுத்து வைப்பாள். அதற்குள் நீர் சொல்லிவிடும்.